மூளைப் படம் என்பது ஒரு கழித்தல் கணக்கு

நல்லூரில் மாலைப் பூசை. மணி பிசகாத கோயில் அது. சொன்ன நேரத்துக்குத் திரை விலகித் தீபம் உயர்கிறது. அம்மம்மா கைகூப்பி நிற்கிறார். கண் மூலஸ்தானத்தை விட்டு இம்மியும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே பக்தி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே கேட்கிறார்: "இடப்பக்கம் பச்சைச் சேலையோட நிண்டது ஆர், சங்கக்கடையடி வீட்டு மருமகளோ? அது தாயின்ர சேலையெல்லே."

கண் முருகனில் இருந்தது. கவனம் சேலையில் இருந்தது. பராக்குப் பார்க்கிறான் என்று பிள்ளைகளை ஏசுகிறோமே, அதில் கண்ணும் சேர்ந்து அலையும், ஆள் பிடிபட்டுவிடுவான். அம்மம்மா செய்தது அதைவிட நுட்பமான வேலை. கண்ணை ஓரிடத்தில் நட்டுவிட்டுக் கவனத்தை மட்டும் இன்னோரிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

இனிக் கொஞ்சம் யோசியுங்கள். அவர் தீபத்தைக் கவனித்திருந்தாலும் சேலையைக் கவனித்திருந்தாலும் கண்ணுக்குள் போன வெளிச்சம் ஒன்றுதான். விழித்திரையில் விழுந்த படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனாலும் கவனம் அங்கே போனால் சேலையின் கரைகூட நினைவில் நிற்கிறது, போகாவிட்டால் சேலையே தெரிவதில்லை. அப்படியானால் மாறியது எங்கே? தலைக்குள்தான். தீபத்தைக் கவனித்த நேரத்து மூளையையும் சேலையைக் கவனித்த நேரத்து மூளையையும் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது கவனமாகத்தானே இருக்க வேண்டும்? பார்வையையும் கவனத்தையும் மூளைப் படங்களால் ஆராய்பவர்கள் செய்வது இந்தக் கழித்தலைத்தான். மீதியெல்லாம் அதைப் பிழை வராமல் செய்வதற்குப் படும் பாடு.

சரி, மண்டையோட்டுக்குள் நடப்பதை வெளியில் நின்று எப்படி அறிவது? இதற்கு எனக்குப் பிடித்த கதை ஒரு மாலுமியுடையது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சிகிச்சை பெற்ற அவரை மருத்துவக் குறிப்பு வால்டர் கே. என்று மட்டும் சொல்கிறது. அவரைப் பற்றி ஜோன் ஃபுல்டன் என்ற மருத்துவர் 1928இல் எழுதினார். மாலுமியின் மூளையில், பிடரிப் பக்கமாக, இரத்தக் குழாய்கள் பிறவிப் பிசகாலோ என்னவோ நூற்சிக்குப்போல முறுகிக் கிடந்தன. அதனால் தலைக்குள் ஓர் இரைச்சல். பிடரியில் ஸ்ரெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மருத்துவருக்கும் அது கேட்டது. இருட்டறையில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் இரைச்சல் கூடும். வாசிப்பதை நிறுத்தினால் தணியும். புகையிலையை முகரக் கொடுத்தார்கள், ஒரு மாற்றமும் இல்லை. (யாழ்ப்பாணத்துப் புகையிலையாக இருந்திருந்தால் என்னவோ.)

இந்த ஒரு கதைக்குள் நமக்கு வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. பார்க்கிற வேலை பிடரியில் நடக்கிறது. வேலை நடக்கிற இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடுகிறது.

பிடரியில் என்பதை வேறொருவர் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார், அதுவும் போர்க்காயங்களை வைத்து. 1904-05இல் ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டபோது தலையில் குண்டு துளைத்தும் உயிர் தப்பிய படைவீரர்களை தட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் பரிசோதித்தார். குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம், இரண்டுக்கும் நடுவில் அது போன பாதை, அந்த வீரருக்குப் பார்வையில் எந்தப் பகுதி இருண்டது என்பதெல்லாவற்றையும் அளந்து 1909இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். போர்க்காயம் என்றால் என்னவென்று எங்கள் ஊருக்கு விளக்கத் தேவையில்லை. அதிலிருந்து இப்படியும் ஓர் அறிவு வந்தது என்பதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

அந்த வரைபடம் விசித்திரமானது. உங்களுக்கு இடப்பக்கம் இருப்பது வலப்பக்க மூளைக்குப் போகிறது, வலப்பக்கம் இருப்பது இடப்பக்க மூளைக்கு. மேலே இருப்பது கீழே பதிகிறது. அதைவிட, நடுப்பார்வைக்குக் கிடைக்கும் நிலம் அளவுக்கு மீறியது. கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகமளவு இடத்தைத்தான் ஒரு நேரத்தில் நாம் கூர்மையாகப் பார்க்கிறோம். அந்த நகத்துக்குப் பத்துப் பரப்புக் காணி எழுதிவைத்த மூளை, ஓரத்தில் அதேயளவான இடத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு பிரித்தவர் நியாயஸ்தர் இல்லை.

இனி மெஷினுக்கு வருவோம். அம்மாவுக்கு விடாத தலையிடி வந்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அங்கே பிரச்சினை தலையில் வரவில்லை, தாலிக்கொடியில் வந்தது. கழற்றமாட்டேன் என்று அம்மா ஒரேயடியாக நின்றார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்காக வாதாடவும் போனேன். அங்கே நின்ற தம்பி ஒன்றும் சொல்லாமல் கொடியைக் காட்டினார். அதில் மூன்று சேப்டிப்பின் கொழுவியிருந்தது. ஆபத்திற்கு உதவும் என்று எங்கள் பெண்கள் கொழுவி வைக்கிற அதே இரும்புப் பின். அந்த அறையிலுள்ள காந்தத்தின் பலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைப்போலப் பல்லாயிரம் மடங்கு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓய்வதில்லை. பின் கழன்றால் தோட்டாதான். கடைசியில் பின், கொடி, காப்பு, தோடு எல்லாம் என் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தன. வெளியே வந்த அம்மா சொன்னது: "தகரக் கொட்டிலுக்குள்ள படுக்கவிட்டுச் சுத்தியலால அடிச்சமாதிரிக் கிடந்தது." காந்தச் சுருள்களுக்குள் மின்னோட்டம் படபடவென்று மாறும்போது சுருள் அதிர்வதால் வரும் சத்தம் அது.

அம்மாவுக்கு எடுத்தது மூளையின் உருவப் படம். கட்டி இருக்கிறதா, இரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஆராய்ச்சிக்காரரும் அதே மெஷினைத்தான் பாவிக்கிறார்கள், ஆனால் வேறு விதமாக. ஒரே ஒரு தெளிவான படத்துக்குப் பதிலாக, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை என்கிற கணக்கில் முழு மூளையையும் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். படம் கொஞ்சம் கரடாகத்தான் வரும். மூளையை இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான சின்னச் சின்னக் கனப்பெட்டிகளாகப் பிரித்தால், பெட்டிக்கு ஓர் எண் கிடைக்கும். ஒரு பெட்டிக்குள் இலட்சக்கணக்கான நரம்புக்கலங்கள். செயல்நிலை எம்.ஆர்.ஐ. என்று இதைச் சொல்வார்கள்.

அந்த எண் எதைக் காட்டுகிறது? நினைப்பை இல்லை. மின்சாரத்தைக்கூட இல்லை. இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை. ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்திருக்கும்போது காந்தப் புலத்தைக் குழப்பாது. ஒட்சிசனை இறக்கிவிட்டுப் போகும்போது கொஞ்சம் குழப்பும். இந்த வித்தியாசத்தை லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கோரியலும் 1936இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதை மூளைக்குப் பயன்படுத்தலாம் என்று 1990இல் பெல் ஆய்வுகூடத்தில் எலிகளை வைத்துக் காட்டியவர் செய்ஜி ஒகாவா. 1992இல் மனிதர்களிடம் செய்தார்கள். அந்த முதல் பரிசோதனைகளில் காட்டியது மினுங்குகிற வெளிச்சம், எழும்பியது பிடரி. மாலுமியின் இரைச்சல் இப்போது படமாக வந்துவிட்டது.

இங்கே எல்லாரும் தடுக்கி விழுகிற ஓரிடம் உண்டு. வேலை செய்கிற இடம் ஒட்சிசனைச் செலவழிக்கிறது, ஆகவே அங்கே ஒட்சிசன் குறையவேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது மறுவளம். எங்கள் வீடுகளுக்கு ஒருவர் வந்து தேத்தண்ணி கேட்டால் ஐந்து கோப்பை வருமே, கூடவே ஒரு தட்டில் பலகாரமும், அதுபோல மூளை தேவைக்கு மிஞ்சி இரத்தத்தை அனுப்புகிறது. செலவு கொஞ்சம், வரவு அதிகம். ஆகவே வேலை செய்யும் இடத்தில் ஒட்சிசன் இறக்கிய ஈமோகுளோபினின் பங்கு குறைந்து, மெஷினுக்குக் கிடைக்கும் சைகை கூடுகிறது. தேத்தண்ணி வர நேரமெடுக்கும் என்பதும் பொருந்துகிறது: நரம்புக்கலம் வேலை செய்து ஐந்து செக்கனளவில்தான் சைகை உச்சிக்கு வரும். கூடுகிற அளவும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்கிற மாதிரிச் சொற்பம். ஒருமுறை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பாவம் அந்த ஆள், ஒரே வேலையைப் பலமுறை செய்தபடி ஒரு மணித்தியாலம் வரை அந்தக் கொட்டிலுக்குள் கிடக்கிறார்.

இப்போது கழித்தல். படம் காட்டிய நேரத்திலிருந்து வெறுந்திரை நேரத்தைக் கழித்தால் பார்வைக்கான இடமெல்லாம் மிஞ்சும். அதில் கவனமும் கலந்திருக்கும், வெளிச்சமும் கலந்திருக்கும், அடுத்தது என்ன வரும் என்கிற ஆவலும் கலந்திருக்கும். எதை எதிலிருந்து கழிக்கிறோம் என்பதில்தான் ஆராய்ச்சிக்காரரின் கெட்டித்தனம் தெரியும். கவனம் மட்டும் மிஞ்ச வேண்டுமென்றால், கண்ணுக்குப் போவது இரண்டு நேரத்திலும் அச்சொட்டாக ஒன்றாய் இருக்கவேண்டும். அம்மம்மாவின் பூசையைப்போல.

இதை மிக அழகாகச் செய்தது 1999இல் வெளியான ஒரு பரிசோதனை. செய்தவர்கள் கத்லீன் ஓ'கிரேவன், போல் டவுனிங், நான்சி கன்விஷர். அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்குள் கன்விஷரின் குழு இரண்டு இடங்களைக் குறித்துவைத்திருந்தது. மூளையின் அடிப்பக்கத்தில் ஓரிடம் முகங்களைப் பார்த்தால் எழும்பும். இன்னோரிடம் வீடு, தெரு, கட்டடம் போன்ற இடங்களைப் பார்த்தால் எழும்பும். சரி, ஒரு முகத்தையும் ஒரு வீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றுக்குள் மற்றது தெரியும்படி காட்டினால்? எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் ஒருகாலத்தில் மணமகளின் முகத்தை நிலவுக்குள் வைத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் படம்.

படத்தில் ஒன்று அசையும், மற்றது அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்குச் சொன்னது அசைவைக் கவனி என்பதுதான். முகம் அசைகிற தடவைகளில் முகத்துக்கான இடம் எழும்பியது, வீடு அசைகிற தடவைகளில் வீட்டுக்கான இடம். இரண்டு படமும் திரையில் ஒரே இடத்தில்தான் இருந்தன. ஆகவே கவனத்தை ஓரிடத்துக்குப் பாய்ச்சுகிற ரோச் லைற் என்று மட்டும் நினைத்தால் இதை விளக்க முடியாது. இன்னொன்றையும் பாருங்கள். முகத்தைக் கவனி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அசைவைப் பிடித்தபோது, அசைந்த முகமும் கூடவே வந்துவிட்டது. கொப்பைப் பிடித்து இழுத்தால் மாங்காயும் வருகிறதல்லவா, கவனம் பொருளை அப்படி முழுதாகத்தான் இழுக்கிறது.

அதே 1999இல் சபீன் காஸ்ட்னரும் கூட்டாளிகளும் செய்தது எனக்கு இன்னும் வியப்பு. திரையில் ஒன்றுமே இல்லை. கண் நடுப்புள்ளியில். ஆனால் ஓரத்தில், இன்ன மூலையில், கொஞ்ச நேரத்தில் படம் வரப்போகிறது, கவனத்தை அங்கே வைத்திரு என்று சொல்லியிருக்கிறார்கள். படம் வருமுன்பே, அந்த மூலைக்குரிய பார்வைப் பகுதி எழும்பிவிட்டது. இருபத்துநாலாம் திருவிழாவன்று தேர் வடக்கு வீதியால் திரும்புகிற முடக்கைப் பார்த்தபடி சனம் நிற்குமே, அந்த நிலை. தேர் இன்னும் வரவில்லை. பிடரியில் இடம் ஒதுக்கியாயிற்று.

இந்த ஒதுக்குகிற கட்டளை எங்கிருந்து வருகிறது? நெற்றிக்குப் பின்னாலும் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னாலும் உள்ள சில பகுதிகளிலிருந்து. இவற்றின் பெயர்களை இங்கே அடுக்கப் போவதில்லை. ஆனால் வலப்பக்கத்து உச்சிப் பகுதியில் பாரிசவாதம் அடித்த சிலருக்கு நடப்பதைச் சொல்லவேண்டும். அவர்களுக்குக் கண்ணில் பழுதில்லை, பிடரியில் பழுதில்லை. சோற்றுக் கோப்பையின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, கறி போதாது என்பார்கள். இடது பாதியில் கறி அப்படியே இருக்கும். கோப்பையை அரைவட்டம் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார்கள். வீட்டிலுள்ளவர்கள் இதைப் பிடிவாதம் என்று நினைத்து ஏசுவதுண்டு. அது பிடிவாதம் இல்லை, இடப்பக்க உலகத்துக்குக் கவனம் போகவில்லை.

எம்.ஆர்.ஐ.யின் சைகை உச்சிக்கு வர ஐந்து செக்கனளவு ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அது ஒரு மந்தமான சாட்சி. எங்கே என்று கேட்டால் மில்லிமீற்றர் கணக்கில் சொல்லும். எப்போது என்று கேட்டால் செக்கன் கணக்கில் இழுக்கும். எப்போது என்பதற்கு ஈ.ஈ.ஜி. இருக்கிறது. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளை அளக்கிற இந்த முறையில் மனித மூளையை முதன்முதல் பதிவு செய்தவர் ஜேர்மனியின் ஹான்ஸ் பேர்கர், 1924இல். கண்ணை மூடினால் செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் ஓர் அலை எழும்புவதையும் திறந்தால் அது அடங்குவதையும் அவர் கண்டார். ஈ.ஈ.ஜி. மில்லிசெக்கன் கணக்கில் பேசும். மூளையில் எந்த இடம் என்று கேட்டால்தான் தடுமாறும்.

இரண்டு சாட்சியையும் கூண்டில் ஏற்றியபோது ஒரு முரண்பாடு வந்தது. பிடரியில் செய்தி முதலில் வந்து சேரும் பகுதியிலேயே கவனத்தால் மாற்றம் தெரிகிறது என்றது எம்.ஆர்.ஐ. ஆனால் படம் தோன்றி ஐம்பது முதல் தொண்ணூறு மில்லிசெக்கனுக்குள் அந்தப் பகுதியில் எழும் முதல் அலை, பெரும்பாலான பரிசோதனைகளில் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் ஒரே அளவாகத்தான் இருந்தது. நூறு மில்லிசெக்கனை ஒட்டி வரும் அடுத்த அலைதான் கவனித்தால் பெரிதாகிறது. ஈ.ஈ.ஜி.யால் கவனத்தை ஆராய்ந்த ஸ்ரீவன் ஹில்யார்டின் ஆய்வுகூடம் வருடக்கணக்காகக் காட்டிவந்தது அதைத்தான். யார் பொய் சொல்வது?

இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள் என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். செய்தி முதலில் பிடரிக்கு வருகிறது, மேலே போகிறது, மேலிடம் பார்த்துவிட்டுத் திரும்பவும் கீழே அனுப்புகிறது. மாவட்டக் கச்சேரிக்குப் போன கோப்பு கிராம அலுவலரிடமே குறிப்போடு திரும்பி வருகிறதே, அப்படி. ஈ.ஈ.ஜி. முதல் பயணத்தைத் தனியாகப் பிடித்தது. செக்கன்களைக் கூட்டிக் குவிக்கும் எம்.ஆர்.ஐ. போனதையும் வந்ததையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டியது. கோப்பு ஒருமுறை வந்ததா இருமுறை வந்ததா என்று அதற்குத் தெரியாது.

கழித்தலில் பிழை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மீனின் கதை இருக்கிறது. கிரெய்க் பெனற் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சாமன் மீனை மெஷினுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் சொல் என்று கேட்டார்கள். மீன் கடையில் வாங்கியது, செத்த மீன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மீனின் மூளையில் ஒரு சின்ன இடம் எழும்பியிருந்தது! 2009இல் இதை ஓர் ஆய்வு மாநாட்டில் சுவரொட்டியாக வைத்தார்கள், 2012இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக்நோபல் பரிசு கிடைத்தது. பகிடிக்குப் பின்னால் உள்ள கணக்கு இலேசானது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே சோதிக்கிறோம். தற்செயலாக ஆயிரத்தில் ஒன்று ஏமாற்றும் என்று வைத்தால், ஐம்பதாயிரம் பெட்டியில் ஐம்பது பெட்டி ஒரு காரணமும் இல்லாமல் மினுங்கும். அதற்குத் திருத்தம் செய்தபோது மீன் மறுபடி செத்துவிட்டது. ஒழுங்கான ஆய்வுகள் இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுத்தான் படத்துக்கு நிறம் தீட்டுகின்றன. ஆம், அந்தச் சிவப்பும் மஞ்சளும் தீட்டுவதுதான். மூளைக்குள் ஒன்றும் சிவப்பாகப் பற்றி எரிவதில்லை. கழித்து வந்த விடை எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு வைத்த நிறம் அது.

ஆகவே "மனதை வாசிக்கும் மெஷின்" என்று அடுத்தமுறை யாராவது பகிர்ந்தால், எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று கேளுங்கள். அநேகமாக அதற்குப் பிறகு ஆள் கதைக்கமாட்டார்.

மெஷின் இல்லாமலும் ஒரு துண்டைச் செய்து பார்க்கலாம். அக்காவின் மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான், பராக்குக்குப் பேர்போனவன். கொப்பித் தாளின் நடுவில் ஒரு புள்ளடி போட்டு, இடப்பக்கம் நாலு விரல் தள்ளி ஓர் எழுத்தும் வலப்பக்கம் அதேயளவு தள்ளி இன்னோர் எழுத்தும் எழுதிக் கையால் மறைத்துக்கொண்டேன். புள்ளடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இடப்பக்கத்தைக் கவனி என்று சொல்லிவிட்டு, ஒரு கண் வெட்டுகிற நேரம் கையை எடுத்துத் திரும்ப மூடினேன். முதல் இரண்டு தடவையும் கண் இடப்பக்கம் துள்ளியது. எதிரே இருந்த எனக்கு வடிவாகத் தெரிந்தது. ஆராய்ச்சிக்காரர் இதைப் பிடிக்கத் தனிக் கமரா வைத்திருப்பார்கள். மூன்றாவது தடவை, வேறு எழுத்துகளோடு, கண் அசையவில்லை.

"என்ன எழுத்து?"

"ழ."

"சரி. வலப்பக்கம்?"

அவன் என்னைப் பார்த்தான். "அங்கயும் எழுதியிருந்தனீங்களோ மாமா?"